கடை வாசலில் படுப்பவர்களைப் பிடித்துக்கொடுக்கக் கையெழுத்துக் கேட்கிறார்கள்

குடைக்கடை ஹட்டன்:

வணக்கம் எல்லோருக்கும். ஹட்டன் டவுனில் குடை, ரெயின்கோட், ஸ்கூல் பேக் விற்கிற சின்னக் கடை நம்முடையது. டிசம்பர் போயா, அதாவது பௌர்ணமியோடு சிவனொளிபாதமலை யாத்திரை சீசன் ஆரம்பம். ராத்திரி ரயிலில் வந்து இறங்கி நல்லதண்ணி பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டத்தை நம்பித்தான் எங்கள் வரிசைக் கடைகள் ஓடுகின்றன. அதற்கு முன்னால் டவுனைத் துப்புரவாக்க வேண்டுமென்று கடைக்காரர்கள் சேர்ந்து பொலிஸுக்குக் கடிதம் தயாரித்திருக்கிறார்கள். குப்பை அள்ளுகிற கதை என்று நினைக்காதீர்கள். கடை வாசலிலும் பஸ் ஸ்டாண்டிலும் படுக்கிற ஆட்களைப் பிடித்து கோட்டில், அதாவது நீதிமன்றத்தில் நிறுத்தி, திரும்பி வராத இடத்துக்கு அனுப்ப வேண்டுமாம். என் கையெழுத்துதான் பாக்கி என்று நேற்றும் வந்து நின்றார்கள்.

எனக்கும் எரிச்சல் இல்லாமலில்லை. பக்கத்து வாசலில் படுக்கிற ஒரு ஆள் குடித்துவிட்டு ஷட்டரில் மூத்திரம் பெய்துவிட்டுப் போவார். காலையில் டெட்டால் ஊற்றிக் கழுவுவது நான்தான். பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண் இருக்கிறது. தானாகப் பேசிக்கொண்டே நடக்கும், எந்த ஊர் என்று ஒருவருக்கும் தெரியாது. ராத்திரியில் அந்தப் பிள்ளைக்கு என்ன நடக்குமோ என்று என் வீட்டுக்காரி அடிக்கடி கேட்பாள்.

ஆனால் என் வாசலில் படுப்பவர் வேறு மாதிரி. டிக்கோயா பக்கம் ஒரு தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில் காலமெல்லாம் வேலை செய்தவர், எழுபதை நெருங்குகிற ஆள். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். இருந்த லயக் காம்பரா, அதாவது தோட்டத்து வரிசை வீட்டில் ஒரு அறை, இப்போது மகன் பேரில். அதில் மகன், மருமகள், வளர்ந்த பெண்பிள்ளை இரண்டு, ஒரு பொடியன், மருமகளின் தாய். "சண்டை கிண்டை ஒண்ணுமில்ல தம்பி, நீட்டிப் படுக்க இடமில்ல" என்றார். கடை திறக்குமுன் எழுந்து, சாக்கைச் சுருட்டி, வாசலைக் கூட்டிவிட்டுத்தான் போவார். கடிதத்தில் இவரும்தான் அடக்கம்.

பிடித்துக்கொடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறதா? பிடித்தால் எங்கே கொண்டுபோவார்கள்? அப்புறம், வெளிநாட்டில் "முதலில் வீட்டைக் கொடு, மற்றதைப் பிறகு பார்" என்று செய்கிறார்களாமே, குடும்பக்காரனுக்கே வீடில்லாத நம் மலையில் அதெல்லாம் நடக்கிற காரியமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சீசன் வியாபாரி, நுவரெலியா:

அண்ணே, கையெழுத்துப் போடுங்கள். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. நாங்கள் ஏப்ரல் சீசனை வைத்துப் பிழைக்கிற ஆட்கள். வரி கட்டுகிறோம், மாநகரசபைக்கு லைசன்ஸ் காசு கட்டுகிறோம், கடனில் சாமான் எடுக்கிறோம். வாசலில் ஆள் படுத்துக் கிடந்தால் குடும்பமாக வருகிறவன் அடுத்த கடைக்குப் போகிறான். பாவம்தான், இல்லை என்று சொல்லவில்லை. அந்தப் பாவத்தைப் பார்க்க வேண்டியது அரசாங்கம், குடை விற்கிறவன் இல்லை.

மனித உரிமை என்று எல்லோருக்கும் பாடம் எடுக்கிற அமெரிக்காவிலேயே 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது? ஓரிகன் மாநிலத்தில் கிராண்ட்ஸ் பாஸ் என்ற ஊர், பொது இடத்தில் படுப்பவர்களுக்குத் தண்டம் போட்ட வழக்கு. ஊர் செய்தது சரி என்று 6 பேர், பிழை என்று 3 பேர். அவன் செய்யலாம், நாம் செய்தால் மட்டும் குற்றமா?

ஓய்வுபெற்ற முதலியார், கண்டி:

தம்பி, நான் நீதவான் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பழைய ஆட்கள் முதலியார் என்பார்கள். நீங்கள் கேட்டதற்கு நேரடியாகவே பதில் சொல்கிறேன்.

சட்டத்தில் இடம் இருக்கிறதா என்றால், நான் வேலை பார்த்த காலம் முழுக்க இருந்தது. 1841ஆம் ஆண்டின் 4ஆம் இலக்க அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம். வருடத்தைக் கவனியுங்கள். கண்டிச் சீமையில் காட்டை வெட்டிக் காப்பி போட்டுக்கொண்டிருந்த காலம், தேயிலைக்கு இன்னும் கால் நூற்றாண்டு இருக்கிறது. நம் ஆட்கள் கடல் தாண்டி வந்து, காட்டுப் பாதையில் மாத்தளைக்கு நடந்து, வழியிலேயே செத்துக்கொண்டிருந்தார்கள். அப்போது ஊரில் இருந்தவனுக்கு, வேலையில்லாமல் திரிகிறவனைக் கண்டால் பயம். அந்தப் பயத்துக்கு எழுதிய சட்டம் இது. பிச்சை எடுப்பவர், பிழைப்புக்கு வழி காட்ட முடியாதவர் எல்லோரும் இதில் விழுவார்கள். முதல் தடவை என்றால் அதிகபட்சம் இரண்டு வாரம் சிறை. தண்டப்பணம் இன்றைக்கு ஒரு பிளேன்டீக்குக் கூடக் காணாது.

அடுத்தது 1907ஆம் ஆண்டின் தடுப்பு இல்லங்கள் கட்டளைச் சட்டம். "திரும்பி வராத இடம்" என்று உங்கள் ஆட்கள் கேட்பது இதன் கீழ்தான் வரும். நீதவான் விசாரித்து, அலைந்து திரிபவர் என்று கண்டால் தடுப்பு இல்லத்துக்கு அனுப்பலாம். பெண் என்றால் நுகேகொட கங்கொடவிலவில் உள்ள மெத்செவன என்ற இல்லம். இன்னொன்று அம்பாந்தோட்டை மாவட்டத்து ரிதியகம. ஹட்டனிலிருந்து அம்பலாந்தோட்டைக்கு பஸ் மாறிப் போய்ப் பாருங்கள், ஒரு பகல் முழுசாகப் போய்விடும். டிக்கோயாவில் மகனும் பேரப்பிள்ளைகளும் இருக்கிற ஒரு பெரியவரை அங்கே கொண்டுபோய் விட்டால் அவர்கள் என்றைக்குப் போய்ப் பார்ப்பார்கள்? அழைத்துப்போக ஆள் வராததால் மெத்செவனவில் ஆண்டுக்கணக்கில் கிடந்த பெண்கள் உண்டு. களவெடுத்தவனுக்காவது வெளியே வருகிற தேதி தெரியும்.

கோட்டில் நான் கண்டதைச் சொல்கிறேன். திருவிழாவோ பெரிய மனிதர் வருகையோ நெருங்கினால் இப்படி ஒரு கூட்டத்தைக் கொண்டுவருவார்கள். பெயர் கேட்டால் சொல்வார்கள். விலாசம் என்று கேட்டால் அந்த இடத்தில் மௌனம், அதற்கு மொழிபெயர்ப்பு என்னிடம் இருந்ததில்லை. அப்புறம் பார்த்தால் அதே முகங்கள் அதே வாசலுக்கு வந்திருக்கும், அடையாள அட்டையையும் போர்வையையும் எங்கேயோ தொலைத்துவிட்டு.

நுவரெலியாத் தம்பிக்கு ஒரு வார்த்தை. அந்த அமெரிக்கத் தீர்ப்பை முழுசாகப் பார்க்க வேண்டும். கொடூரத் தண்டனையைத் தடுக்கிற அவர்களுடைய அரசியலமைப்பின் எட்டாவது திருத்தம் இந்தத் தண்டத்துக்குக் குறுக்கே நிற்காது, அவ்வளவுதான் தீர்ப்பு. தண்டம் போட்டால் ஆள் குறையும் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. அந்த ஊரில் ஒரு தண்டம் 295 டொலர். கையில் காசில்லாமல் பார்க்கில் படுப்பவனுக்கு! கட்டாவிட்டால் தொகை ஏறும், அந்தக் கடனைப் பார்த்தால் யார் வாடகைக்கு வீடு தருவார்கள்? பக்கத்து இந்தியாவையும் பாருங்கள். 2018 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம், பிச்சை எடுப்பதைக் குற்றமாக்கிய விதிகள் டெல்லியில் செல்லாது என்று தீர்த்தது.

பெரியவர் விஷயத்தில் இன்னொரு சட்டமும் உண்டு. 2000ஆம் ஆண்டின் முதியோர் உரிமைச் சட்டப்படி பராமரிக்காத பிள்ளைகள் மீது பராமரிப்புச் சபையில் முறையிடலாம். ஆனால் ஒரே காம்பராவில் ஐந்து பேரோடு கிடக்கிற மகனிடமிருந்து சபை எதைப் பிடுங்கிக் கொடுக்கும்?

பொகவந்தலாவை டீச்சர்:

முதலியார் ஐயா சட்டத்தைச் சொல்லிவிட்டார். அந்தத் தாத்தா ஏன் வாசலுக்கு வந்தார் என்பதை நான் சொல்கிறேன். நானும் லயத்தில் பிறந்தவள், இப்போதும் பாதிச் சொந்தம் அங்கேதான்.

லயக் காம்பரா என்றைக்கும் தொழிலாளியின் சொத்தாக இருந்ததில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, முன்னால் ஒரு இஸ்தோப்பு, அதாவது திண்ணை, அதை மறைத்துத்தான் அடுப்படி. பெயர் பதிந்து வேலை செய்கிற ஒருவர் வீட்டில் இருந்தால் தோட்டம் பேசாமல் இருக்கும். வேலை நின்ற உடனே தூக்கி வெளியே போட முடியாது, 1971ஆம் ஆண்டின் தோட்டக் குடியிருப்புச் சட்டப்படி கோட் கட்டளை வேண்டும். அது சின்னப் பாதுகாப்பு. ஆனால் பிள்ளைகள் கல்யாணம் கட்டி, குடும்பம் பெருகும்போது அந்தச் சட்டம் சுவரைத் தள்ளிவைத்துக் கொடுக்குமா? லயத்துக்குப் பின்னால் நாலு தகரத்தைக் கட்டி ஒதுங்கினால் அது அத்துமீறல். 2023 ஆகஸ்டில் மாத்தளை ரத்வத்தைத் தோட்டத்தில் ஒரு குடும்பத்தின் தற்காலிகக் குடிலை நிர்வாகத்து ஆள் உடைக்கிற வீடியோவை எல்லோரும் பார்த்தோம். அரச காணி என்றால் 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. வெளியேறும்படி நோட்டீஸ், பிறகு நீதவான். அங்கே காட்டக்கூடியது ஒன்றுதான், அரசின் அனுமதிப்பத்திரம் அல்லது எழுத்து மூல அதிகாரம். தலைமுறை தலைமுறையாக இருந்தோம், தாத்தாவை இங்கேதான் புதைத்தோம் என்பதெல்லாம் அங்கே எடுபடாது.

ஆக, டவுன் வாசலில் படுத்தால் அலைந்து திரிபவன், தோட்டத்தில் தகரம் கட்டினால் அத்துமீறியவன். எங்கேதான் படுப்பதாம்?

தனி வீடு வருகிறது, மறுக்கவில்லை. ஏழு பேர்ச் (காணி அளவு) காணியில் வீடு என்ற திட்டம் ஓடுகிறது. இந்திய உதவியில் முதலில் 4,000 வீடு, பிறகு 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த மோடி இன்னும் 10,000 என்று அறிவித்தார். அறிவிப்புக்கும் கூரைக்கும் நடுவில் எத்தனை மழை பெய்கிறது என்பதுதான் கதை. மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29 மண் சரிந்தது. தப்பியவர்கள் பழைய தேயிலை ஸ்டோரில் கிடந்து, பூனாகலையில் வீடு கண்டது 2016இல். 2025 நவம்பர் டித்வா புயலில் லயம் இழந்தவர்களுக்கும் முதல் கேள்வி காணிதான்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. இந்தத் திட்டம் எல்லாமே குடும்பத்துக்கு. பெயர்ப் பட்டியலில் குடும்பத் தலைவர், உறுப்பினர் எண்ணிக்கை, யார் தோட்டத்தில் வேலை என்றுதான் கட்டங்கள். மனைவியை இழந்த கிழவர், புருஷன் விட்டுப்போன பெண், கொழும்பில் கடையில் நின்று நோயாகித் திரும்பி வந்த பொடியன் இவர்களுக்கு எந்தக் கட்டமும் இல்லை. தனி ஆள் எந்தப் பட்டியலிலும் வரமாட்டார். மகன் பேரில் நாளைக்கு ஏழு பேர்ச் வந்தாலும் அதிலும் இவர் இஸ்தோப்புக்குத்தான். குடைக்கடை அண்ணே, "குடும்பக்காரனுக்கே இல்லை" என்று கேட்டீர்களே, தனி ஆளுக்குத் தேவை ஏழு பேர்ச் இல்லை. பூட்டு உள்ளே இருக்கிற ஒரு அறை, ஒரு மலசலகூடம், தன் பேரில் ஒரு வாடகைத் துண்டு. அதை வாடகைக்குக் கட்டிக் கொடுக்க நகரசபைகூட நினைத்தால் முடியும். கேட்பாரில்லாததால் யாரும் நினைக்கவில்லை.

பஸ் ஸ்டாண்ட் பெண்ணை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926க்கு எடுங்கள், பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. பொலிஸுக்குப் போகுமுன் இது.

தலவாக்கலையான், ஹெல்சிங்கி:

டீச்சர் சொன்ன அந்தத் தனி அறைதான் இங்கே நடக்கிற விஷயம். நான் பின்லாந்தில் கட்டடத் துப்புரவு வேலை. எங்கள் கம்பனிக்கு இப்படிப்பட்ட குடியிருப்பு ஒன்றின் படிக்கட்டும் வரும், அதனால் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்திருக்கிறேன்.

இங்கேயும் ஒரு காலத்தில் வரிசையாகக் கட்டில் போட்ட இரவுத் தங்குமிடம்தான். ராத்திரி வா, விடிந்தால் போ. 2008இல் அரசாங்கமே ஒரு திட்டமாக எடுத்து அந்தக் கட்டில்களை ஒழித்து, ஒற்றை ஆள் வீடுகளாக மாற்ற ஆரம்பித்தது. ஹெல்சிங்கியில் சல்வேஷன் ஆர்மி நடத்திய ஒரு பெரிய தங்குமிடத்தில் 250 பேர் வரை படுத்தார்களாம், இப்போது அது 80 சின்ன வீடுகள். வாடகை ஒப்பந்தம் அந்த ஆளின் பேரில். தன் வருமானத்திலிருந்தும் அரசாங்கத்தின் வாடகை உதவியிலிருந்தும் வாடகை கட்டுவார். கீழே அலுவலகத்தில் உதவியாளர்கள் இருப்பார்கள். குடியை விட்டால்தான் சாவி என்ற நிபந்தனை இல்லை. 1985இல் தொடங்கிய ஒய் பவுண்டேஷன் என்ற அமைப்பு சாதாரண மாடிக் கட்டடங்களில் அங்கொன்று இங்கொன்றாக வீடு வாங்கி இப்படி வாடகைக்கு விடுகிறது. பக்கத்து வீட்டுக்காரனுக்கு இவர் எங்கிருந்து வந்தார் என்றே தெரியாது.

எண்பதுகளின் கடைசியில் இங்கே வீடற்றவர்கள் 18,000க்கு மேல். 2023இல் சுமார் 3,400. ஒரேயடியாகப் புகழவும் மாட்டேன். வாடகை உதவியை வெட்டினார்கள், 2024இல் எண்ணிக்கை சுமார் 3,800க்கு ஏறிவிட்டது. காசை நிறுத்தினால் ஆள் திரும்பவும் தெருவுக்கு வருவான், பின்லாந்து என்றாலும் அதுதான்.

குளிரைப் பற்றி ஒன்று. இங்கே பனிக்காலத்தில் வெளியே படுத்தால் பிணம், அதனால் அரசாங்கத்துக்குப் புரிந்தது. நம் அக்கரப்பத்தனைக் குளிர் ஆளை ஒரே ராத்திரியில் கொல்லாது, மெதுவாக நெஞ்சுச் சளியில் கொல்லும். அதனால்தானோ என்னவோ யாருக்கும் அவசரமில்லை.

சீசன் வியாபாரி, நுவரெலியா:

பின்லாந்துக் காசு எங்கே, நம்ம நகரசபைக் காசு எங்கே? பெரியவர் கதை வேறு, ஒத்துக்கொள்கிறேன். ஷட்டரில் மூத்திரம் பெய்கிற ஆளுக்கும் அறையா? அதற்குப் பதில் சொல்லுங்கள்.

தலவாக்கலையான், ஹெல்சிங்கி:

அந்த ஆளுக்கும்தான் அறை, அறைக்குள் மலசலகூடமும் சேர்த்து. அங்கே சத்தம் போட்டால் மற்ற வாடகைக்காரனுக்கு என்ன விதியோ அதே விதி. சிக்கல் வராது என்று சொல்லமாட்டேன், நான் கூட்டுகிற படிக்கட்டில் போத்தல் உடைந்து கிடந்த காலைகள் உண்டு. ஆனால் யாருடைய கடை வாசலிலும் இல்லை. காசு என்றீர்களே, பொலிஸ் ஜீப், கோட், இரண்டு வாரச் சிறைச் சாப்பாடு, திரும்ப ஜீப். இதற்கும் யாரோ கட்டுகிறார்கள் அண்ணே, நீங்கள் கட்டுகிற வரியிலிருந்து.

குடைக்கடை ஹட்டன்:

எல்லோருக்கும் நன்றி. இந்தக் கடிதத்தில் நான் கையெழுத்து வைக்கவில்லை. சொல்லிவிட்டேன், முகம் சுளித்துவிட்டுப் போனார்கள். வேறு கடிதம் என்றால் வைக்கிறேன் என்றேன். பஸ் ஸ்டாண்ட் மலசலகூடத்தை ராத்திரியிலும் திறந்து வைக்கச் சொல்லி நகரசபைக்கு எழுதுவோம், மூத்திரப் பிரச்சினை பாதி அங்கேயே தீரும் என்றேன். பக்கத்துக் கடை பேக்கரிக்காரர் மட்டும் அது நல்லது என்றார். தனி ஆட்களுக்கு வாடகை அறை என்பதையும் கீழே ஒரு வரியாகச் சேர்க்கப் பார்க்கிறேன், அதற்குச் சிரிப்பார்கள் என்று தெரியும். 1926க்கு வீட்டுக்காரி பேசியிருக்கிறாள்.

பெரியவருக்கு டவுன் பக்கம் ஒரு அறை பார்க்கலாமென்று நினைக்கிறேன், பழைய வீடொன்றின் பின்பக்கம் காலியாக இருக்கிறது. வாடகைக்கு என்ன வழி? முதியோர் கொடுப்பனவுக்கு எழுபது ஆக வேண்டும் என்கிறார்கள், இன்னும் கொஞ்சம் இருக்கிறது. மகனிடம் கேட்க அவருக்கு மனமில்லை.

பொகவந்தலாவை டீச்சர்:

அண்ணே, முதலில் அவரிடம் சேவைக்காலப் பணம் கிடைத்ததா என்று கேளுங்கள். சேமலாப நிதி ஆண்களுக்கு 55இல் எடுக்கலாம், அது மகள் கல்யாணத்துக்கோ கடனுக்கோ போயிருக்கும். சேவைக்காலப் பணம் வேறு. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி ஐந்து வருஷத்துக்குக் குறையாமல் வேலை செய்தவருக்கு, நாட்சம்பளக்காரர் என்றால் வருஷத்துக்குப் பதினான்கு நாள் சம்பளம், வேலை விட்டு 30 நாளைக்குள் கொடுக்க வேண்டும். பிறகு பார்க்கலாம் என்று இழுத்தடிக்கப்பட்டவர்கள் எனக்குத் தெரிந்தே நிறையப் பேர். காலமெல்லாம் ஸ்டோரில் நின்றவர் என்றால் அது சின்னத் தொகை இல்லை.

கிடைக்கவில்லை என்றால் ஹட்டன் தொழில் திணைக்கள அலுவலகத்தில் முறைப்பாடு கொடுங்கள். சேமலாப நிதியின் பி கார்ட் இருந்தால் எடுத்துப் போங்கள். அது தொலைந்திருந்தால் தோட்டத்தின் பேர், செக்ரோல் நம்பர் (தோட்டத்து வேலைப் பதிவு இலக்கம்), பழைய சம்பளத் துண்டு ஏதாவது ஒன்று. அடையாள அட்டை கையில் இருக்கிறதா? இல்லையென்றால் அதுதான் முதல் வேலை. விலாசத்துக்குக் கிராம சேவகர் மறுத்தால் மகனுடைய லய விலாசத்தையே போடச் சொல்லுங்கள், அதற்கு மகன் ஒரு கையெழுத்து வைத்தால் போதும். சனிக்கிழமை நான் டவுனுக்கு வருகிறேன், அவரைக் கடையில் இருக்கச் சொல்லுங்கள், படிவத்தை நிரப்பித் தருகிறேன்.